ரயில் சிக்னல் தொழிலாளர் சங்கம்: ஓர் எளிய அறிமுகம்

1971 மே 17, திங்கட்கிழமை. அமெரிக்காவில் ரயில்கள் நின்றுவிட்டன. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி என்ற வேறுபாடு இல்லாமல் நாடு முழுக்க நின்றன. வேலைநிறுத்தம் செய்தது டிரைவர்களின் சங்கமும் இல்லை, கார்டுகளின் சங்கமும் இல்லை. சிக்னல்களை நிறுவிப் பராமரிக்கும் தொழிலாளர்கள் மட்டும்தான் வெளியே வந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த மொத்த ஆட்களில் அவர்கள் மிகச் சிறிய பங்கு. ஆனால் அவர்கள் மறியல் செய்த இடத்தைத் தாண்டி உள்ளே போக மற்றச் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். கருங்காலி என்ற பெயர் எடுக்க யாருக்குத்தான் விருப்பம்? அடுத்த நாளே அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. 13.5 சதவீதம் இடைக்காலச் சம்பள உயர்வு உண்டு, அக்டோபர் 1 வரை வேலைநிறுத்தம் கூடாது என்றது அந்தச் சட்டம். இரண்டே நாளில் எல்லாம் முடிந்து வண்டிகள் மறுபடி ஓடின.

இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய பிடி எப்படி வந்தது? பிடி இருந்தும் அதை ஏன் தலைமுறைக்கு ஒரு முறைகூடப் பயன்படுத்த முடிவதில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், சிக்னல் தொழிலாளர் சங்கம் என்றால் என்ன என்பது ஏறக்குறையப் புரிந்துவிடும்.

அந்தச் சங்கத்தின் முழுப் பெயர் பிரதர்ஹுட் ஆஃப் ரெயில்ரோட் சிக்னல்மென். சுருக்கமாக பி.ஆர்.எஸ். (தெலங்கானாக் கட்சிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) 1901இல் பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனா நகரில் தொடங்கப்பட்டது. அல்டூனா முழுக்க முழுக்க ரயில்வே ஊர். பென்சில்வேனியா ரயில்ரோட் நிறுவனத்தின் பெரிய பணிமனைகள் அங்கேதான் இருந்தன. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த சிக்னல்காரர்கள் சிலர் கூடி ஆரம்பித்தது, 1914இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தது. முதல் உலகப் போரின்போது அரசே ரயில்வேக்களை நடத்தியது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்று அப்போது ஆணை வந்தது. அதன்பின் ரயில்வேச் சங்கங்கள் எல்லாமே வேகமாக வளர்ந்தன. இன்றைக்கு பி.ஆர்.எஸ்.ஸின் தலைமையகம் வர்ஜீனியாவில் ஃபிரன்ட் ராயல் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை பத்தாயிரத்தை ஒட்டி.

முதலில் வேலையைப் பார்ப்போம். வேலை புரியாமல் சங்கம் புரியாது.

சிக்னல் என்றதும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குதான் நம் நினைவுக்கு வரும். விளக்கு கடைசியில் வருவது. அதற்கு முன்னால் தண்டவாளமே ஒரு மின்சுற்றாக வேலை செய்கிறது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872இல் காப்புரிமை வாங்கிய உத்தி இது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் தண்டவாள இணைப்பில் மின்சாரம் கடக்காதபடி காப்புப் பொருள் வைப்பார்கள். துண்டின் ஒரு முனையில் பேட்டரி, மறு முனையில் ரிலே, அதாவது மின்சாரம் வரும்வரை மேலே நின்று, அது தடைபட்டதும் விழுந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச். மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், ரிலேயைத் தாண்டி, அடுத்த தண்டவாளம் வழியாகத் திரும்பும். பாதை காலியாக இருக்கும்வரை ரிலே மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கும். சிக்னல் பச்சை காட்டலாம். ரயில் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடுவதால் ரிலேக்குப் போய்ச் சேராது. ரிலே விழும். சிக்னல் சிவப்பாகும்.

இதில் அழகு என்னவென்றால், பேட்டரி செத்தாலும் ரிலே விழும், கம்பி அறுந்தாலும் விழும், தண்டவாளமே முறிந்துபோனாலும் பெரும்பாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. நூற்றைம்பது ஆண்டுகளாக உலக ரயில்கள் இந்தக் கொள்கையை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் கொள்கை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளாது. ரயில் அதிகம் போகாத பாதையில் தண்டவாளத்தின் மேல் துரு படியும். அப்போது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மின்தொடர்பு சரியாகக் கிடைக்காது. வண்டி நிற்கும்போதே பாதை காலி என்று ரிலே நினைத்துக்கொள்ளும். அல்லது ரிலே அறையில் யாராவது ஒரு கம்பியை மாற்றி இணைத்துவிடுவார்கள். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பச்சை காட்டுவதுதான் இந்தத் தொழிலில் எல்லாரும் அஞ்சும் கோளாறு. அமெரிக்காவில் அப்படி ஒன்று நடந்தால் மத்திய ரயில்வே நிர்வாகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2023 ஜூன் 2ஆம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில் கிளைப் பாதைக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்ற வேலைகளில் நேர்ந்த தவறுகளே காரணம் என்றது பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. அதுவரை சிக்னல் பிரிவு என்று ஒன்று இருப்பதையே பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

சிக்னல்களைப் பராமரிக்கும் ஊழியரை அமெரிக்காவில் மெயின்டெய்னர் என்பார்கள். அவருடைய அன்றாடம் பெரும்பாலும் சோதனை போடுவதிலேயே போகும். பாயிண்ட் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடத்தில், நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாவிட்டால் சக்கரத்தின் விளிம்பு அந்த இடைவெளியில் புகுந்து வண்டியைக் கவிழ்த்துவிடும். எனவே மாதம் ஒரு தடவை மெயின்டெய்னர் அங்கே போய், கால் அங்குலத் தடிமனுள்ள உலோகத் துண்டு ஒன்றை இடையில் வைத்து, பாயிண்ட்டை நகர்த்தச் சொல்லிப் பார்ப்பார். பூட்டு விழக் கூடாது. சிக்னல் பச்சைக்கு வரக் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் அந்த இடம் சரியாக இல்லை என்று பொருள். வெயிலோ பனியோ, குனிந்து உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. செய்து முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

லெவல் கிராசிங்கும் இவர்கள் பொறுப்புதான். நம் ஊரில் கேட் கீப்பர் இருப்பார். அமெரிக்காவில் கேட் தானாக இறங்கும், ஆள் கிடையாது. நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராசிங்குகள். தானியங்கி எச்சரிக்கை உள்ள இடங்களில் ரயில் வந்து சேர்வதற்குக் குறைந்தது 20 விநாடிகள் முன்பாவது விளக்கும் மணியும் இயங்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஒரு நீலப் பலகை இருக்கும். அதில் அந்தக் கிராசிங்கின் எண்ணும் ஒரு தொலைபேசி எண்ணும். வண்டி வராமலே கேட் மூடியிருக்கிறது என்று யாராவது நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைத்தால், அந்தப் பகுதியின் மெயின்டெய்னரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள்.

இந்த இடத்தில்தான் சங்கம் உள்ளே வருகிறது. எழுப்பினால் எவ்வளவு கூடுதல் சம்பளம்? மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வரவேண்டுமா? எத்தனை மணி நேரம் ஓய்வு? ஒரு தனி ஆள் நிர்வாகத்திடம் கேட்டால் பதில் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம் இருந்தால் பதில் எழுத்தில் இருக்கும்.

ஓய்வு விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1988 டிசம்பர் 12 அன்று லண்டனில் கிளாஃபம் ஜங்ஷன் அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் மாற்ற வேலையின்போது அகற்றவேண்டிய பழைய கம்பி ஒன்றை ஒரு முனையில் மட்டும் கழற்றிவிட்டு, மறு முனையை அப்படியே விட்டிருந்தார்கள். அது பிறகு தொட்டு, சிவப்பாக வேண்டிய சிக்னலைப் பச்சையில் வைத்தது. அந்த வேலையைச் செய்த தொழில்நுட்ப ஊழியர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்று விசாரணை கண்டது. அமெரிக்காவில் ரயில் ஓட்டுபவர்களுக்கு வேலை நேர வரம்பு 1907லேயே வந்துவிட்டது. சிக்னல் தொழிலாளர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர 1976 ஆயிற்று. இப்போது 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குப் பின் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். சங்கம் சம்பளத்துக்காக மட்டும் பேசுகிறது என்று நினைப்பவர்கள் இந்த எழுபது ஆண்டு இடைவெளியை யோசிக்கலாம்.

நம் தெற்கு ரயில்வேயில் எஸ்.ஆர்.எம்.யூ. (சதர்ன் ரயில்வே மஸ்தூர் யூனியன்) போன்ற சங்கங்களில் லோகோ பைலட், கேங்மேன், சிக்னல் பணியாளர், அலுவலகக் கிளார்க் எல்லாரும் ஒரே குடையின் கீழ் இருப்பார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ரயில்வேக்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள்; சங்கங்கள் தொழில்வாரியாகப் பிரிந்தவை. டிரைவர்களுக்கு ஒன்று, கண்டக்டர்களுக்கு ஒன்று, தண்டவாளம் போடுபவர்களுக்கு ஒன்று, சிக்னல்காரர்களுக்கு ஒன்று. 2022இல் பெரிய சரக்கு ரயில் நிறுவனங்களோடு பேச்சு நடத்திய சங்கங்கள் மொத்தம் 12. இதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. தன் தொழிலின் நுணுக்கம் தெரிந்தவர்களே தனக்காகப் பேசுவார்கள் என்பது ஆதாயம். நிர்வாகம் ஒவ்வொரு சங்கத்தையும் தனித்தனியாகக் கையாள முடியும் என்பது இழப்பு. என் கணக்கில் இழப்பே கனமானது.

சங்கத்தின் அமைப்பு எளிது. ஒரு வட்டாரத்தின் உறுப்பினர்கள் கூடுவது கிளை. ஒரு ரயில் நிறுவனத்தில் உள்ள கிளைகளுக்குப் பொதுக் குழு, அதற்கு ஒரு பொதுத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலே தேசியத் தலைமை. உறுப்பினருக்கு அதிகம் பழக்கமானவர் கிளைப் பொறுப்பாளர்தான். பிரச்சினை என்றால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

என்ன பிரச்சினைகள்? பெரும்பாலும் செய்தியில் வராதவை. முதலாவது, இந்த வேலை யாருடையது என்ற வழக்கு. சிக்னல் வேலை என்று ஒப்பந்தம் வரையறுத்ததை வெளி ஒப்பந்தக்காரரிடமோ வேறு பிரிவினரிடமோ நிர்வாகம் கொடுத்தால் சங்கம் முறையிடும். புதுத் தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் இந்தச் சண்டை புதிதாக முளைக்கும். 2008 செப்டம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், கைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய், பயணிகள் ரயில் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. 25 பேர் இறந்தார்கள். டிரைவர் தவறினாலும் வண்டியைத் தானே நிறுத்தும் கட்டுப்பாட்டு முறையைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று அடுத்த மாதமே சட்டம் வந்தது. 2015க்குள் முடிக்கச் சொன்ன வேலை இழுத்தடித்து 2020 கடைசியில்தான் முடிந்தது. சுமார் 57,500 மைல் பாதை. ரேடியோ, கணினி, ஜி.பி.எஸ்., பாதையோரக் கருவி எல்லாம் கலந்த அமைப்பில் எது சிக்னல் வேலை, எது இல்லை? அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் பலரின் வேலை தொங்குகிறது.

இரண்டாவது, பணிமூப்பு. காலியிடம் வந்தால் அறிவிப்புப் போட வேண்டும்; விண்ணப்பித்தவர்களில் தகுதியுள்ள மூத்தவருக்கே அந்த இடம். ஓர் இடத்தையே நிர்வாகம் ஒழித்துவிட்டால், அங்கிருந்த மூத்தவர் தன்னைவிட இளையவர் இருக்கும் இடத்துக்குப் போகலாம். இளையவர் இன்னும் இளையவரைத் தேடிப் போவார். கடைசியில் இருப்பவர் வீட்டுக்குப் போவார். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது கசக்கும். முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கை. விசாரணை நடத்தாமல் ஒருவரை நீக்க முடியாது. விசாரணையில் சங்கப் பிரதிநிதி பக்கத்தில் உட்காருவார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். அங்கே தோற்றாலும் மேல்முறையீடு உண்டு.

அந்த மேல்முறையீடு எங்கே போகும் என்பதைப் புரிந்துகொள்ள, 1926இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1877, 1894, 1922 என்று மூன்று பெரிய ரயில்வே வேலைநிறுத்தங்களில் துப்பாக்கிச் சூடு, ராணுவம், நீதிமன்றத் தடை எல்லாவற்றையும் பார்த்த பின் வந்த சட்டம் அது. சங்கம் அமைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, ரயில் நிற்காமல் இருக்க எத்தனை தடைகளை வைக்க முடியுமோ அத்தனையும் வைத்தது.

சட்டம் தகராறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. இருக்கும் ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்பது சிறு தகராறு. மேலே சொன்ன மூன்றும் இதில் அடங்கும். இதற்காக வேலைநிறுத்தம் செய்யவே கூடாது. சிகாகோவில் இருக்கும் தேசிய ரயில்வே தீர்ப்பாயத்துக்கோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் குழுவுக்கோ போக வேண்டும். சிக்னல்காரர்களின் வழக்குகள் அந்தத் தீர்ப்பாயத்தின் மூன்றாம் பிரிவுக்குப் போகும். புது ஒப்பந்தம் எழுதுவது பெருந் தகராறு. இதில் வேலைநிறுத்த உரிமை உண்டு, ஆனால் சுலபத்தில் எட்டாது.

ரயில்வே ஒப்பந்தத்துக்குக் காலாவதி தேதி கிடையாது. குறிப்பிட்ட நாளுக்குப் பின் அதைத் திருத்தலாம் என்றுதான் இருக்கும். புதியது வரும்வரை பழையதே செல்லும். யாராவது ஒரு தரப்பு நோட்டீஸ் கொடுத்தால் பேச்சு தொடங்கும். முடியாவிட்டால் தேசிய மத்தியஸ்த வாரியம் நடுவே வந்து உட்காரும். எத்தனை மாதம், எத்தனை வருடம் உட்காரலாம் என்பதற்குக் கெடு கிடையாது. இனிப் பயனில்லை என்று அதுவே விடுவித்தால்தான் அடுத்த கட்டம். விடுவித்த பின் 30 நாள் ஆறப்போட வேண்டும். அதற்குள் ஜனாதிபதி ஓர் அவசரக் குழுவை நியமிக்கலாம். குழு அறிக்கை தர 30 நாள். அறிக்கைக்குப் பின் மறுபடி 30 நாள். இத்தனையும் தாண்டினால்தான் வேலையை நிறுத்தலாம். நிறுத்தினாலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்துவைக்கலாம். 1971இல் நடந்தது அதுதான்.

இந்த ஏற்பாட்டில் நடுநிலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாமதம் இரு தரப்பையும் ஒரே மாதிரி பாதிக்காது. பழைய சம்பளத்தையே கொடுத்துக்கொண்டு மூன்று வருடம் பேசுவது நிர்வாகத்துக்குக் கஷ்டமே இல்லை. கடைசியில் நாடாளுமன்றம் வந்து முடித்துவைக்கும் என்று தெரிந்தால், பேச்சில் இறங்கிவர வேண்டிய அவசரமும் அதற்கு இல்லை.

2022இல் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். 2020 தொடக்கத்தில் ஆரம்பித்த பேச்சு அது. இரண்டரை வருடம் இழுத்த பிறகு மத்தியஸ்த வாரியம் கைவிரித்தது. ஜூலையில் ஜனாதிபதி பைடன் அவசரக் குழு அமைத்தார். 2020 முதல் 2024 வரை ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 24 சதவீதச் சம்பள உயர்வு தரலாம் என்று குழு பரிந்துரைத்தது. நல்ல உயர்வுதான். ஆனால் சங்கங்கள் கேட்ட இன்னொன்றுக்குக் குழு இசையவில்லை: உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. 15 நாள் கேட்டார்கள். ஒன்றுகூடப் பரிந்துரையில் இல்லை. கோவிட் காலத்தில் அத்தியாவசியப் பணியாளர் என்று பாராட்டு வாங்கியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் போகும் என்பதுதான் நிலைமை.

செப்டம்பர் 15 விடியற்காலையில், வேலைநிறுத்தக் கெடுவுக்கு ஒரு நாள்கூட மீதியில்லாத நேரத்தில், தொழிலாளர் துறை அமைச்சர் மார்ட்டி வால்ஷ் முன்னிலையில் உடன்பாடு வந்தது. கடைசிவரை மேசையில் இருந்த மூன்று சங்கங்களில் பி.ஆர்.எஸ்.ஸும் ஒன்று. தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் சங்கத்தில் தலைவரின் கையெழுத்து கடைசி வார்த்தை ஆகாது. உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். அக்டோபர் 26 அன்று முடிவு வந்தது: 60.57 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். நோய் விடுப்பு மறுக்கப்பட்டதே பெருங்கோபத்துக்குக் காரணம் என்று சங்கத் தலைவர் மைக்கேல் பால்ட்வின் சொன்னார். 12 சங்கங்களில் நான்கு இப்படி நிராகரித்தன. எட்டு ஏற்றுக்கொண்டன. ஆனால் ஒரு சங்கம் மறியலில் உட்கார்ந்தால் மற்றவை உள்ளே போகாது என்பதால், நான்கு போதும் என்று எல்லாருக்கும் தெரியும்.

டிசம்பர் 9 வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் நாடாளுமன்றம் முந்திக்கொண்டது. நிராகரிக்கப்பட்ட அதே ஒப்பந்தத்தைச் சட்டமாக்கினார்கள். கூடவே 7 நாள் நோய் விடுப்பு தரும் தனித் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 221-207 என்று நிறைவேற்றியது. செனட்டில் அதற்கு 52 வாக்கு கிடைத்தது, எதிராக 43. பெரும்பான்மைதான், ஆனால் அங்கே தேவை 60. தீர்மானம் விழுந்தது. டிசம்பர் 2ஆம் தேதி பைடன் கையெழுத்திட்டார். தன்னைத் தொழிலாளர் பக்கம் நிற்பவர் என்று சொல்லிக்கொண்ட ஜனாதிபதி இதைச் செய்தது பலருக்கு ஆறாத காயம். எதிர்த்து வாக்களித்த சிக்னல்காரர்களுக்குக் கிடைத்த புது விடுப்பு, ஆண்டுக்கு ஒரே ஒரு சொந்த விடுப்பு நாள்.

ஆனால் விஷயம் அத்தோடு விழுந்துவிடவில்லை. தேசிய ஒப்பந்தத்தில் வாங்க முடியாததை நிறுவனம் நிறுவனமாகக் கேட்கத் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் சி.எஸ்.எக்ஸ். என்ற பெரிய சரக்கு ரயில் நிறுவனம் இரண்டு சங்கங்களுக்கு ஆண்டுக்கு 4 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு தர ஒத்துக்கொண்டது. சொந்த விடுப்பிலிருந்து இன்னும் 3 நாளை நோய்க்காக மாற்றிக்கொள்ளலாம். அவை தண்டவாளப் பராமரிப்பாளர் சங்கமும் ரயில் பெட்டி பழுதுபார்ப்பவர்கள் சங்கமும். பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொரு சங்கமாக இதேபோல ஒப்பந்தம் போட்டன. வேலைநிறுத்தம் நடக்கவில்லை, சட்டமும் வரவில்லை. டிசம்பரில் தரவே முடியாது என்ற விடுப்பைப் பிப்ரவரியில் தர முடிந்தது எப்படி என்று நிறுவனங்கள்தான் சொல்ல வேண்டும்.